குறைந்துபோன ஜோடிகள்

மகனே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ இந்தியாவுக்கு டிக்கெட் எடுத்திருக்கக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். எடுத்துவிட்டாய் என்றால், விமானம் ஏறுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. பாதியில் கோபம் வந்து மூலையில் எறிந்துவிடாதே. வழக்கமாக ஏரோகிராமில் இடம் போதாமல் ஓரமெல்லாம் நுணுக்கி எழுதுவேன், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்று நீ கேலி செய்வாய். இந்தத் தடவை ஹட்டனில் எழுதுகிற கொப்பி ஒன்றை முழுசாகவே வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை. வட்டவளையில் மழை பெய்கிறது என்று எழுதி ஒரு முத்திரையை வீணாக்காதீங்க என்று உன் அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள்.

உன் போன கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. தை மாதம் கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது என்பது ஒன்று. சந்தோஷம், பெண் வீட்டாருக்கும் சொல்லிவிட்டேன். வருகிற வழியில் இந்தியாவில் இறங்கி அக்காவைத் தேடப்போவதாக எழுதியிருந்தாய், அது இரண்டாவது. கப்பலில் போனவர்களை வைத்திருந்த மண்டபம் முகாமில் பழைய பதிவுகள் இருக்குமாம், அக்கா அந்தக் காலத்தில் கொடுத்த குடியுரிமை மனுவைக் காட்டச் சொல்லிக் கேட்பாயாம், அதைப் பிடித்துக்கொண்டு அவள் எந்தப் பக்கம் போனாள் என்று கண்டுபிடித்துவிடுவாயாம். அக்கா வந்து முன்னால் நிற்காமல் தாலி கட்டமாட்டேன் என்றும் எழுதியிருந்தாய். மூன்றாவது, ஆய்வுக்கூடத்தில் உன் வேலையைப் பற்றி நான் கேட்டிருந்த ஒரு கேள்விக்கு நீ எழுதிய பதில். மூன்றாவதைத்தான் முதலில் பேசுகிறேன், என்னை இப்படி உட்காரவைத்தது அதுதான்.

தொழிற்சாலை ஸ்டோரில் தேயிலைக் கொழுந்தைக் காயவைக்கிற அடுப்புக்கு இத்தனை வருஷம் விறகு போட்டவனுக்குச் சூட்டைப் பற்றி எவனும் சொல்லித்தர வேண்டாம் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. உன் ஆய்வில் வருகிற சூட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் அந்தத் திமிர் அடங்கிவிட்டது. சூரியனின் நடுவயிற்றில் இருக்கிற சூட்டைப்போல லட்சம் மடங்கு என்கிறாய். இந்தக் கொப்பி, என் விரல், ஸ்டோரில் கொட்டிக் கிடக்கிற தேயிலைத் தூள், எல்லாவற்றுக்கும் உள்ளே அணு இருக்கிறது, அணுவுக்குள் கரு, கருவுக்குள் புரோட்டான், அதற்குள் குவார்க் என்று மூன்று பேர். அவர்களைத் தனியாகப் பிரித்து வெளியே எடுக்க யாராலும் முடியாது, குளுவான் என்று ஒன்று அவர்களைக் கட்டிப் பிடித்திருக்கிறது, எவ்வளவு தூரம் இழுத்தாலும் பிடியை விடாது என்று எழுதினாய். உலகம் உண்டான முதல் கணத்தில், கண் இமைக்கிற நேரத்தை லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஏதோ ஒரு சில பங்கு நேரம் மட்டும், அந்தக் கட்டு இல்லாமல் எல்லாரும் ஒரே கொதிக்கிற கஞ்சியில் அலைந்துகொண்டிருந்தார்களாம். அதற்குப் பெயர் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. பிறகு சூடு ஆற ஆற, ஆளாளுக்கு ஒரு காம்பராவுக்குள் அடைந்துவிட்டார்களாம். ஆண்டவர் முதலில் வெளிச்சத்தைப் படைத்தார் என்றுதான் எனக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லித்தந்தார்கள். அவர் அதற்கும் முன்னால் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தார் என்பது எனக்கு உன்னிடமிருந்துதான் தெரியவந்தது.

அந்தக் கஞ்சியில் ஒரு சொட்டு மறுபடி உண்டாகுமா என்று பார்க்கத்தான், கந்தகத்தின் கருவை வெளிச்சத்தின் வேகத்துக்குக் கிட்டத்தில் ஓடவிட்டு யுரேனியத்தின் மேல் மோதுகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். சொட்டு உண்டானாலும் அதைப் பார்க்க முடியாது, அதற்குள் ஆறிவிடும். அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள் என்று நான் கேட்டேன். நீ ஜோடிகளைப் பற்றி எழுதினாய். மோதின முதல் அடியிலேயே ஒரு கனமான குவார்க்கும் அதன் எதிர்க் குவார்க்கும் சேர்ந்தே பிறக்கும், கஞ்சி உண்டாகாவிட்டால் அந்த ஜோடி ஜோடியாகவே வெளியே வரும், கஞ்சி உண்டானால் நடுவில் கை விட்டுப்போய்விடும். ஆகவே வந்த ஜோடிகளை எண்ணி, வரவேண்டியதில் எத்தனை குறைகிறது என்று பார்க்கிறீர்கள். நான் உடனே இன்னொரு கேள்வி எழுதிப்போட்டேன். சூடு ஆறின பிறகு அந்த இரண்டும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளாதா என்று கேட்டேன். அதற்கு நீ எழுதிய பதிலை அப்படியே கீழே எழுதுகிறேன்.

‘சேராதுப்பா. ஆறுற நேரத்துல பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க கையப் புடிச்சிக்கிட்டு வெளிய வந்துரும். ரெண்டும் எங்கேயோ இருக்கும். ஆனா ஜோடியா இருக்காது.’

இந்த வரியைப் படித்த அன்றிலிருந்து அதையேதான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ குவார்க்கைப் பற்றித்தான் எழுதினாய், என்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை என்று தெரியும். இருந்தும் இனிமேல் என்னால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க முடியாது. மகனே, உன் அக்கா ரோஸ்மேரி தொலைந்துபோகவில்லை. அவளுடைய முகவரி என்னிடம் இருக்கிறது, பத்து வருஷத்துக்கு மேலாக என் தகரப்பெட்டியில் இருக்கிறது. மண்டபத்தில் நீ கேட்டுப் பார்க்கப்போகிற அந்த மனு, அவள் கொடுத்தது இல்லை. நான் எழுதியது. நீ அந்த அலுவலகத்துக்குப் போவதாக எழுதாமல் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் நல்ல பதிலாக வரவில்லை.

அந்தக் காலத்தில் இரண்டு நாட்டுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டு, நாடற்றவர்களாக இருந்த நம்மைப் பங்கிட்டுக்கொண்டபோது, தோட்டம் முழுக்க ஒரே பேச்சு, நீ எதற்குப் போடுகிறாய், இந்தியாவுக்கா சிலோனுக்கா என்பதுதான். எனக்கு ஆங்கிலம் பேசவராது, ஆனால் படிவம் நிரப்பவரும். மேல் லயம், கீழ் லயம், பக்கத்து டிவிஷன் என்று எத்தனை பேருக்கு எழுதிக்கொடுத்தேன் என்பதற்கு அளவில்லை. எழுத எழுதப் பயம் கூடிக்கொண்டே போனது. சிலோனுக்குப் போட்டவர்களைத் தள்ளிவிட்டால் எங்கே போவார்கள்? இந்தியாவுக்குப் போட்டவர்கள் அங்கே போய் எந்த மண்ணில் நிற்பார்கள்? கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த குடும்பங்கள் ஒரு தந்திரம் செய்தன, அதை நானும் செய்தேன். வீட்டில் பதினெட்டு தாண்டின பிள்ளைக்குத் தனி மனு. அந்த ஒன்றை மட்டும் அந்தப் பக்கம் போட்டு, மற்றவர்கள் இந்தப் பக்கம் போட்டால் இரண்டு பக்கமும் ஒரு கால் இருக்கும், எந்தப் பக்கம் கதவு திறந்தாலும் மற்றவர்கள் பின்னால் போய்விடலாம். இதை நான் நாலு பேருக்கு யோசனையாக வேறு சொன்னேன். பிள்ளைக்கு இரண்டு கால் இருக்கிறது, அதற்கு நிற்க ஒரு நாடு வேண்டும் என்று அந்தக் கெட்டிக்கார மூளைக்குத் தோன்றவில்லை.

நீ அப்போது சின்னப்பயல், என் மனுவோடு தானாக வந்துவிட்டாய். அக்காவுக்குத்தான் தனி மனு வேண்டியிருந்தது. சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் உண்மை அதுமட்டும் இல்லை. நீ படிப்பில் கெட்டி, உன்னை அசைக்கக் கூடாது என்று நினைத்தேன். பெண்பிள்ளை எப்படியும் ஒரு நாள் வேறு வீட்டுக்குப் போகிறவள்தானே என்றும் நினைத்தேன். அவள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்துத்தான் நீ ஹட்டனில் விடுதியில் இருந்து படித்தாய் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளிடம் மனுவை நீட்டி, ‘அரிசிக் கூப்பன் புத்தக விஷயமா கேக்குறாங்க, ஒரு கையெழுத்துப் போடும்மா’ என்றேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள். ‘கூப்பனுக்கு இம்பூட்டுப் பெரிய காயிதமாப்பா’ என்று சிரித்தாள். உன் அம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலைந்து வருஷம் ஒன்றும் வரவில்லை. நான் அதை மறந்தேன் என்றே சொல்லலாம். பிறகு அந்தப் பஞ்ச வருஷம், பாண் ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற வருஷம், அவள் பெயருக்கு இந்தியப் பாஸ்போட்டு வந்துவிட்டது. நமக்கு இந்தப் பக்கம் கிடைத்துவிட்டது, அவளுக்கு அந்தப் பக்கம். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? ‘கவர்மெண்டு பிரிச்சிருச்சு, நம்ம கையில என்ன இருக்கு’ என்று சொன்னேன். எல்லா லயத்திலும் அப்படித்தான் அழுதுகொண்டிருந்தார்கள், அதனால் என் பொய்யும் அந்த அழுகைக்குள் ஒளிந்துகொண்டது. என் அண்ணன், உன் பெரியப்பா, குடும்பத்தோடு போகிறவர், அவரோடு அனுப்பிவைத்தோம். கப்பலுக்காகத் தலைமன்னார் போகிற ரயிலை நம் ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஹட்டன் ஸ்டேசனில் அன்றைக்கு நீ அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய், அம்மா பிளாட்பாரத்தில் விழுந்து கிடந்தாள். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோசு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். ‘அழாதீங்கப்பா. அவங்க செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க’ என்றாள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கோச்சி நகர்கிற வரைக்கும் நேரம் இருந்தது.

மண்டபத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு அதிகாரி விசாரிக்கும்போது மனுவை எடுத்து முன்னால் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் என் எழுத்து, கீழே அவள் கையெழுத்து. மூன்று மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. பெரியப்பா முகாமிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார், பெரியம்மா பிள்ளைகளோடு தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள், இவள் முகாமில் பழகின யாரோ ஒரு குடும்பத்தோடு கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இதெல்லாம் அம்மாவுக்கு எழுதியிருந்தாள். எனக்கு என்று தனியாக மூன்று வரி. ‘ஒங்க கையெழுத்து எனக்குத் தெரியாதாப்பா. கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன். அந்தக் கையால எனக்கு இனிமே லெட்டர் எழுத வேணாம்.’

உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வந்த கடிதத்தைப் படித்துக்காட்டுவதும் நான், அவள் சொல்வதை எழுதுவதும் நான். அம்மாவுக்கு உள்ளதைப் படித்தேன், எனக்கு உள்ளதை விழுங்கிவிட்டேன். மறுநாளே அவள் பதில் எழுதச் சொல்லி எதிரே உட்கார்ந்துவிட்டாள். என் கையால் எழுதக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். வேறு யாரிடமாவது எழுதச் சொல்வோம் என்றால், ஏன் உங்களுக்கு என்ன என்று கேட்பாள். கேட்டால் எல்லாம் வெளியே வரும். மகனே, இதையும் எழுதிவிடுகிறேன். அவள் சொல்லச் சொல்ல நான் பேனாவைத் தாள்மேல் வெறுமனே ஓடவிட்டேன். ஸ்டோரில் அடுப்புச் சூடு குறித்துவைக்கிற எண்களை எழுதினேன், அ ஆ எழுதினேன், சில நாள் கோடு மட்டும் இழுத்தேன். மடித்து, உறையில் போட்டு, தபாலில் போடுகிறேன் என்று எடுத்துப்போய் அடுப்பில் போட்டேன். நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு தாள் எழுதி, என் கடிதத்தோடு வைத்து அனுப்பச் சொல்லிக் கொடுத்தாயே, அவையும் அந்த அடுப்புக்குத்தான் போயின. முகவரியைக் கேட்டபோது, அங்கே அடிக்கடி தோட்டம் மாறுகிறார்கள், எனக்குத்தான் தெரியும், நீ படிக்கிற வேலையைப் பார் என்று அதட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து அவளுடைய இன்னொரு கடிதம் வந்தது. அதை நான் யாருக்கும் படித்துக்காட்டவில்லை. ‘அம்மா, ஒரு வரி கூட வரலையே. அப்பாவைத்தானே எழுத வேணாம்னேன். தம்பி எழுதலாமே. தம்பியும் என்னை வேணாம்னு விட்டுட்டானா’ என்று எழுதியிருந்தாள். நீ அப்போது பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை முடியட்டும் என்று வைத்தேன். பரீட்சை முடிந்தது, பல்கலைக்கழகம் கிடைத்தது, அது முடியட்டும் என்று வைத்தேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. நீ வெளிநாடு போகும்போது மறுபடி முகவரி கேட்டாய். ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வந்துவிட்டது என்றேன். போகாத கடிதம் எப்படித் திரும்பிவரும்? நீ அவ்வளவு படித்தும் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் நான் உன் அப்பா.

வருஷா வருஷம் பாஸ்குவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் முழங்கால் போட்டிருக்கிறேன். ஸ்டோர் அதிகாரி டீமேக்கரிடம் பொய் சொன்னது, கோபத்தில் உன்னை அடித்தது, எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கினிகத்தேனைப் பக்கம் புகை எழும்பின நாட்களில், நாங்கள் எல்லாம் தேயிலைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தபோது, நல்லவேளை அவளாவது அந்தப் பக்கம் இருக்கிறாள், நான் செய்தது சரியாகிவிட்டது என்று ஒரு நிம்மதி வந்தது பார், அதைப் போல அருவருப்பான நிம்மதி என் வாழ்க்கையில் வந்ததில்லை. நான் அவளைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள ஊர் எரிய வேண்டியிருந்தது.

நீ எழுதிய இன்னொரு விஷயமும் என்னைப் பிடித்து உலுக்கியது. ஜோடிகள் குறைகின்றன என்பது உறுதியாகிவிட்டதாம், ஆனால் கஞ்சிதான் காரணம் என்று சொல்ல இன்னும் முடியவில்லையாம், வேறு காரணத்தாலும் உடைந்திருக்கலாம் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் மல்லுக்கு நிற்கிறார்களாம். ஒவ்வொரு காரணமாகக் கழித்துப் பார்த்து, கடைசியில் மிஞ்சுவது என்ன என்று பார்த்தால்தான் உண்மை என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவும் அதைத்தான் செய்தாள். மகளிடமிருந்து பதில் வராததற்குத் தபால் காரணமா, கப்பல் காரணமா, அவளுக்கு உடம்புக்கு முடியவில்லையா, கட்டிக்கொண்டவன் விடவில்லையா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கொழுந்து நிறுக்கும்போதும் அதே பேச்சு, துணி துவைக்கும்போதும் அதே பேச்சு. அந்தப் பட்டியலில் என் பெயர் வந்ததே இல்லை என்று நான் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் செய்யப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் பெண்டாட்டியிடமோ பிள்ளைகளிடமோ, படிக்காதே, கையெழுத்தை மட்டும் போடு என்று ஒரு நாளும் ஒரு தாளை நீட்டாதே. அவர்களுக்கு நல்லது என்று உனக்குத் தோன்றினால், அதை அவர்களிடமே கேள். ரோசு எழுதினாளே, கேட்டிருந்தால் நானே சரி என்று சொல்லியிருப்பேன் என்று. அவள் சொல்லியிருப்பாள் என்பதுதான் எனக்குப் பெரிய வலி. உனக்காக என்றால் கப்பல் என்ன, கடலில் நடந்தே போயிருப்பாள். அப்படிப் போயிருந்தால் அவள் கொடுத்ததாக இருந்திருக்கும். நான் அதைத் திருடினதாக ஆக்கிவிட்டேன். நீ இன்றைக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் நிற்கிறாய் என்றால், அந்தக் கையெழுத்தின் மேலும்தான் நிற்கிறாய். உன்மேல் குற்றம் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு நில்.

முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அவளுடைய இரண்டு கடிதங்களும் இதோடு வருகின்றன. பழைய முகவரி, அங்கே இப்போது இருக்கிறாளோ என்னவோ, ஆனால் தோட்டத்தில் விசாரித்தால் யாராவது சொல்வார்கள், நம் ஜனங்கள் அங்கே நிறையப் பேர். மண்டபத்துக்குப் போக வேண்டாம், நேரே அங்கே போ. அவள் உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நான் எழுதினேன், அப்பாதான் எரித்தார் என்று முதல் பேச்சிலேயே அவளிடம் சொல்லிவிடு. இன்னொன்றும் நீதான் சொல்ல வேண்டும். அம்மா செத்துப்போனது அவளுக்குத் தெரியாது. நான் எழுதக் கூடாது என்ற அவள் சொல்லையே சாக்காக வைத்துக்கொண்டு அதைக்கூட நான் தெரிவிக்கவில்லை. இத்தனை வருஷமாக அவளுக்கு இங்கே ஒரு அம்மா இருக்கிறாள், பதில் எழுதாத அம்மா. இதையெல்லாம் கேட்ட பிறகு அவள் கல்யாணத்துக்கு வருகிறாளா என்பது அவள் இஷ்டம். நீ என்னை அப்பா என்று கூப்பிடுவாயா என்பது உன் இஷ்டம். என் எதிரில் நிற்க அவளுக்கு மனமில்லை என்றால் கல்யாணத்தை ஹட்டனில் கோயிலில் வைத்துக்கொள்ளுங்கள், நான் அன்றைக்கு இங்கேயே இருந்துகொள்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

அம்மா சொன்ன கடிதங்கள் எல்லாம் எரிந்துபோயின என்று நினைக்காதே. தாளில்தான் ஒன்றும் இல்லை. சொல்லி முடித்ததும் அவள், ‘எங்க, ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க’ என்பாள். நான் கோடுகளைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினாலும், நான் அப்படியா சொன்னேன் என்று பிடித்துக்கொள்வாள். அதனால் அவள் பேசும்போதே நெஞ்சில் ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டேன். இத்தனை கடிதங்களும் இப்போது ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. கடைசியாகச் சொன்னது மட்டும் முழுதாக இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்தபடி ஒரு மத்தியானம் சொன்னாள். அதை முதல் தடவையாக உண்மையான எழுத்தில் எழுதுகிறேன், நீ அக்காவுக்குப் படித்துக்காட்டு.

‘ரோசு, அம்மாவுக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்ல, இப்ப பரவாயில்ல. தம்பி பெரிய படிப்புப் படிக்கிறான், லீவுக்கு வந்தா ஒன்னப் பத்தியே பேசுறான். ஒனக்குப் புள்ள பொறந்திருந்தா காது குத்த அவசரப்படாத, குளிர் போகட்டும். மழையில நனைஞ்ச படங்குச் சாக்க இடுப்புல கட்டிக்கிட்டே நிக்காத, பின்னால வலிக்கும், எனக்கு இப்ப வலிக்குது. நீ போனப்ப நான் ஸ்டேசன்ல விழுந்து கெடந்தேன், ஒன் மொகத்தக் கடைசியா சரியாப் பாக்கல, அது ஒரு கொற. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.’

இவ்வளவும் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு வரி சொன்னாள். ‘அந்த மனுவுக்காக அப்பாவ வெறுத்துறாத, அவரு பயத்துல செஞ்சுட்டாரு. அப்புடின்னு எழுதுங்க.’

நான் எழுதினமாதிரி பேனாவை அசைத்தேன். அன்றைக்கு மட்டும் அவள் படித்துக்காட்டச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கினபோது அடுப்படியில் நின்று பார்த்தவள் அவள். எதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தாள், எதைத் தெரியாமல் போனாள் என்று நான் கேட்கவும் இல்லை, நாலு நாளில் அவள் போய்விட்டாள். இந்த வரியை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று மழை விடுகிற வரைக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினால், செத்தவளை வைத்து மகளிடம் மன்னிப்புக் கேட்டவன் ஆகிறேன். எழுதாவிட்டால், அவள் சொன்னதை மறுபடியும் ஒரு தடவை அனுப்பாதவன் ஆகிறேன். எழுதிவிட்டேன். அக்காவிடம் இதைப் படித்துக்காட்டுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்துகொள்.

அப்பா